ஒண்ணு கம்மி

யார் எந்த விலையைச் சொன்னாலும் அவள் உதடு மெல்ல அசையும். காய்கறிக்காரர் முப்பது என்றால் இருபத்தொன்பது என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வாள். பேரம் பேசுவதற்காக இல்லை. பக்கத்து வீட்டுக்காரி தன் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைச் சொன்னாலும், டாக்டர் ஊசியின் விலையைச் சொன்னாலும், தனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு காரின் விலையைத் தொலைக்காட்சி சொன்னாலும் அந்த உதடு ஒன்றைக் குறைத்துவிட்டுத்தான் ஓயும். அவளோடு தையல் கம்பெனியில் ஒன்பது வருடம் ஒரே வரிசையில் உட்கார்ந்தவர்கள் இதைக் கவனித்து, 'ஒண்ணுகம்மி' என்று பெயர் வைத்தார்கள்.

"ஒண்ணுகம்மி, ரெண்டு நூல் பாபின் குடேன்."

"இந்தா."

"ஒண்ணுதான் இருக்கு."

"பேரு வச்சது நீங்கதானே."

அந்தப் பழக்கம் தொடங்கிய இடம் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அவளுக்குப் பத்து வயது, தங்கைக்கு ஏழு. அப்பா இருவரையும் துணிக்கடைக்குக் கூட்டிப் போய், ஆளுக்கு ஒரு கவுன் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அக்கா ஒவ்வொரு கவுனையும் புரட்டி, கழுத்துக்குப் பின்னால் தொங்கிய சீட்டைப் பார்த்துப் பார்த்து, இருப்பதிலேயே விலை குறைந்ததற்கு அடுத்ததை எடுத்தாள். கடைசியை எடுத்தால் வேண்டுமென்றே செய்ததாகத் தெரியும் என்று அந்த வயதிலேயே தெரிந்திருந்தது. தங்கைக்குச் சீட்டு என்று ஒன்று இருப்பதே தெரியாது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்ததைக் காட்டி, "அது" என்றாள். அப்பாவின் முகம் ஒரு நொடி சுருங்கியது. பிறகு வாங்கிவிட்டார்.

"பெரியவளுக்குப் பொறுப்பு அதிகம்" என்று கடைக்காரரிடம் சொன்னார். அந்தச் சொல்லை அக்கா அன்றிலிருந்து விரும்பவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது தங்கையின் கவுன் இருந்த பையை அப்பா கசங்காமல் பிடித்துக்கொண்டு வந்தார். அக்காவின் பையை அக்காவே தூக்கிக்கொண்டு வந்தாள்.

கம்பெனி வேலையை அவள் விட்டதற்கு மணிக்கட்டு வலி ஒரு காரணம். இன்னொரு காரணம் ஓர் அட்டை. முப்பது பேர் உட்காரும் வரிசைக்கு ஓர் அட்டை தருவார்கள். கழிப்பறைக்குப் போகிறவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். அது திரும்பி வரும்வரை மற்ற இருபத்தொன்பது பேரும் காலை இறுக்கிக்கொண்டு தைக்க வேண்டும். வரிசையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணை எல்லோரும் 'லைன் மேடம்' என்பார்கள். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அட்டை அவர் மேசையில் இருந்தது.

வேலையை விட்டபின் பழைய தையல் இயந்திரம் ஒன்றை வாங்கி, படுக்கையறை ஜன்னலோரம் போட்டு, சோபாவில் வைக்கும் குஷனுக்கு உறை தைத்து ஓர் இணைய விற்பனைத் தளத்தில் விற்க ஆரம்பித்தாள். கடையைத் திறந்து கொடுத்தது மகள். பதினொன்றாம் வகுப்புப் படிப்பவள். படமெடுக்க ஒரு உறையைத் தரையில் விரித்தார்கள்.

"அம்மா, படத்துல உன் கால் விரல் விழுந்திருக்கு."

"விரல் இலவசம்னு போடு."

விலை போட வேண்டிய கட்டம் வந்தது. அதே மாதிரி உறைகளை மற்றவர்கள் நானூறு, நானூற்றைம்பது என்று போட்டிருந்தார்கள். உதடு அசைந்தது. முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது.

அவளுடைய தையலில் ஒரு தனித்தன்மை இருந்தது. உறையின் நான்கு ஓரத்திலும் மெல்லிய கயிறு வைத்து மடித்த பைப்பிங் ஓடும். மற்றவர்கள் மூலைக்கு வந்ததும் துணியை வெட்டி ஒட்டுப் போடுவார்கள். அவள் வெட்டாமல், மூன்று சிறிய மடிப்பு வைத்து ஒரே ஓட்டமாகத் திருப்புவாள். கம்பெனியில் இதற்கு நேரம் தரமாட்டார்கள். வீட்டில் கேட்க ஆள் இல்லை.

விற்பனை மந்தமாக இருந்தது. வாரத்துக்கு நான்கு, ஐந்து. அப்போதுதான் தங்கையும் அதே தளத்தில் ஒரு கடை திறந்தாள்.

தங்கை அதுவரை ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் முன்மேசையில் இருந்தாள். ஊசியில் நூல் கோக்க யாரையாவது கூப்பிடுகிறவள். மேசை விரிப்பு, மெழுகுவர்த்தித் தாங்கி என்று எதையெதையோ மொத்தமாக வாங்கி விற்றாள். அதில் அக்காவுக்கு ஒன்றும் எரியவில்லை. இரண்டு மாதம் கழித்து, ஒரு காலையில், தங்கையின் கடையில் குஷன் உறை வந்திருந்தது. நாற்காலி, அதன்மேல் பாதி தெரியும் உறை, பக்கத்தில் திறந்த புத்தகம், பாதி குடித்த கோப்பை. உறையின் மூலையில் ஒரு மரப் பொத்தானும் கடையின் பெயர் போட்ட சின்ன லேபிளும். விலை எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது. அதற்கு மேலே ஆயிரத்து முந்நூறு என்று எழுதி அடித்திருந்தது.

அக்கா படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். ஓரத்தில் பைப்பிங் ஓடியது. மூலையில் மூன்று மடிப்பு.

"என் வேலையப் பாத்துக் காப்பி அடிச்சிருக்கா" என்றாள்.

"சித்தியா? சித்திக்குத் தைக்கத் தெரியாதே" என்றாள் மகள்.

"அவ இல்ல. அவளுக்குத் தைக்கிறவ. என் படத்தப் போட்டுக் காட்டி, இதே மாதிரி வேணும்னு சொல்லியிருப்பா."

அன்று தொடங்கியது. காலையில் பல் விளக்குமுன் தங்கையின் கடையைத் திறப்பாள். அடுப்பில் ஏதாவது கொதிக்கும்போது ஒரு தடவை. பாபின் மாற்றும்போது ஒரு தடவை. எத்தனை ஆர்டர் வந்தது என்று தளமே எழுதிக் காட்டும்; ஒரே ஆர்டரில் பத்து உறை போனாலும் ஒன்று என்றுதான் எண்ணும். ஒரு வாரத்தில் இருபத்திரண்டு. அவளுடையது நான்கு. அவளுடையதைவிட இரண்டு மடங்குக்கு மேல் விலை. விலை அதிகமாக இருந்து விற்காமல் கிடந்தால் மனம் ஆறியிருக்கும். விற்றதுதான் நெஞ்சில் முள்ளாக நின்றது.

கருத்துகளையும் விடாமல் படிப்பாள். 'தையல் அருமை.' 'மூலைகளைப் பாருங்கள், கைவேலை என்றால் இதுதான்.' ஒருத்தி, 'தைத்தவர் கைக்கு என் வாழ்த்து' என்று எழுதியிருந்தாள். அதைப் படித்த அன்று அக்கா ஒரு முழு உறையைத் தலைகீழாக ஜிப் வைத்துத் தைத்துவிட்டுப் பிரித்தாள்.

இப்போது அவளுக்குப் பொறாமைப்பட இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி கூசாமல் விலை சொல்கிற தங்கை. இன்னொருத்தி முகம் தெரியாத, கை நல்ல கை என்று ஊர் மெச்சுகிற தையல்காரி.

ஒருநாள் மகள் சொன்னாள். "அம்மா, சித்தி கடையில பாரு. 'இன்று நாற்பத்தொரு பேர் பார்த்தார்கள், பலரும் விரும்பும் பொருள்'னு போட்டிருக்கு."

"பாக்கட்டும்."

"அதுல முப்பது தடவ நீதான். நீ பாக்கப் பாக்கத்தான் அது மேல வருது."

அக்கா கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். ஒரு மணி நேரம் தாங்கினாள்.

அந்த நேரத்தில்தான் வீட்டில் வேறு பேச்சு வந்தது. அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். அவருடைய நிறுவனம் ஆட்களைக் குறைத்து, மிச்சமிருந்தவர்களின் கூடுதல் நேரத்தையும் நிறுத்தியிருந்தது. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே பேசினார். எதிரில் இருக்கிறவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததையெல்லாம் அவர் தட்டைப் பார்த்துத்தான் சொல்வார்.

"லைன் மேடம் போன் பண்ணாங்களாமே."

"பண்ணாங்க. ஒரு இடம் காலியா இருக்காம்."

"நா உன்ன போன்னு சொல்லல. இந்த மாசம், அடுத்த மாசம், அதுக்கடுத்த மாசம். துணிக் காசு, கரண்டுக் காசு போக கையில ஏதாவது நின்னா சரி. இல்லேன்னா போயிடு. வீட்ட ஓட்டணும்ல."

"மூணு மாசம் அவங்க காத்திருப்பாங்களா?"

"கேளு."

கேட்டாள். லைன் மேடம், "உனக்காக வச்சிருக்கேன், ஒண்ணுகம்மி. ஆனா அதுக்கு மேல முடியாது" என்றார். போனை வைத்த பிறகு அக்காவின் கழுத்தில் அந்த அட்டையின் நாடா உரசுவது போலவே இருந்தது.

அவளுக்கு ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. அந்தத் தளத்தில் வாங்குகிறவரின் பெயரும் முகவரியும் விற்கிறவருக்குத் தெரியாது. ஒரு நீள எண் மட்டும் வரும். பார்சலை டெலிவரிக்காரர் வந்து எடுத்துப் போவார். அந்த எண்களில், எழுபத்தாறு என்று முடிகிற ஒன்று சில மாதங்களாக அடிக்கடி வந்துகொண்டிருந்தது. எப்போதும் பத்துப் பத்தாக வாங்கும். திருப்பி அனுப்பியதே இல்லை. குறை சொன்னதில்லை. கருத்தும் எழுதியதில்லை. அக்கா அதை 'எழுபத்தாறு' என்றே கூப்பிட்டாள். ஒரு வீட்டுக்கு எதற்கு இத்தனை உறை என்று யோசித்து, ஏதோ தங்கும் விடுதியாக இருக்கும் என்று முடிவுகட்டினாள்.

எழுபத்தாறைக் கைவிட்டுப் போக விடக்கூடாது என்று அவள் இரண்டு காரியம் செய்தாள். ஒன்று, பார்சலுக்குள் ஒரு சின்னப் பரிசு வைத்தாள். வீட்டுக்காரரின் பழைய பழுப்புக் கட்டம் போட்ட சட்டை ஒன்று கிழிந்து கிடந்தது. அதன் மார்புப் பையை அப்படியே வெட்டி, வாயில் நாடா கோத்துச் சுருக்குப் பையாக்கினாள். பேனா கசிந்து அவரைக்காய் வடிவில் ஒரு மைக்கறை அதில் இருந்தது. அதைக் கீழ்ப்பக்கமாக வைத்து மடித்து அனுப்பினாள்.

இன்னொன்று, விலையைக் குறைத்தாள். முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது முந்நூற்றைம்பது ஆயிற்று. எழுபத்தாறு இருபது வாங்கியது. பிறகு இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது. எழுபத்தாறு முப்பது வாங்கியது. ஆர்டர்களை விட்டு உறைகளை எண்ணினால் அவள் தங்கையை நெருங்கிவிட்டாள். குறைத்தால்தான் விற்கும் என்று தான் வாழ்நாளெல்லாம் நினைத்தது சரிதான் என்று பட்டது.

அந்தத் தெம்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போனாள். தங்கை நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள்.

"எண்ணூத்தித் தொண்ணூத்தொம்பது. எப்படிடி வாய் வருது உனக்கு?"

"வாய் எங்க வரணும்? டைப்தான பண்ணணும்."

"பக்கத்துல ரெண்டாயிரத்துக்கு ஒண்ணு வச்சிருக்கியே, அத யாரு வாங்குறா?"

"யாரும் வாங்க மாட்டாங்க. வாங்கிட்டா குடுக்க எங்கிட்ட இல்ல. அதப் பாத்துட்டு வந்து இதப் பாத்தா, இது மலிவாத் தெரியும். அதுக்குத்தான் அது."

"ஏமாத்து வேலை."

"உன் கடையில முன்னூறுன்னு இருந்தா ஜனங்க என்ன நினைப்பாங்க தெரியுமா? துவைச்சா சாயம் போயிடும்னு நினைப்பாங்க. என் கடையில அதே துணி சாயம் போகாதுன்னு அவங்களே முடிவு பண்ணிக்குறாங்க. விலைதான்க்கா பேசுது."

"தைக்கிறது யாரு?"

தங்கை பிரஷை நகத்திலிருந்து எடுத்தாள். "ஒரு ஆள் வச்சிருக்கேன். கை நல்ல கை."

"மூலையில ஏமாத்துறா" என்றாள் அக்கா. "படத்துல பெரிசு பண்ணிப் பாத்தேன். மடிப்பு மூணும் ஒண்ணுபோல இல்ல. என்னப் பாத்துப் பழகியிருக்கா, ஆனா கை வரல."

தங்கைக்குச் சிரிப்பு வந்தது. சாயம் விரலில் ஓடிவிட்டது. "சொல்றேன்" என்றாள். "அவகிட்ட நீ சொன்னதாச் சொல்றேன்."

"சரக்கக் காட்டேன், பாப்போம்."

"எல்லாம் அவரோட கடைக் கிடங்குல இருக்கு." தங்கை வீட்டுக்காரர் ஒரு மரச்சாமான் கடையில் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவர். அக்கா அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டால் ஆசைப்படுவது தெரிந்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் விலையை இருநூற்று நாற்பத்தொன்பதுக்கு இறக்கினாள். எழுபத்தாறு அறுபது வாங்கியது.

மூன்று வாரம் அவள் ஜன்னலை விட்டு எழுந்திருக்கவில்லை. மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு தைத்தாள். இத்தனை விற்றும் கையில் ஏன் ஒன்றும் நிற்கவில்லை என்று அவளுக்குப் புரியவில்லை. தேர்வு முடிந்து வந்த மகள் ஒரு தாளில் எழுதிப் பார்த்தாள்.

"இருநூத்தி நாப்பத்தொம்பதுல தளத்துக்கு நூத்துக்குப் பதினெட்டு. அது நாப்பத்தஞ்சு. டெலிவரி இலவசம்னு போட்டிருக்க. அந்த இலவசத்தக் குடுக்கிறது நீ. அது உறைக்கு அம்பத்தஞ்சு. துணி, ஜிப், நூல், கவர் எல்லாம் நூத்தம்பது." தாளைத் திருப்பிக் காட்டினாள். "ஒரு உறை வித்தா உனக்கு மைனஸ் ஒண்ணு."

"சரியாப் போடு."

"சரியாத்தான் போட்டேன். ஒண்ணு கம்மி."

கெடு முடிய பத்தொன்பது நாள் இருந்தது.

மறுநாள் தங்கை கூப்பிட்டாள். புதிதாக வாங்கிய ஜன்னல் திரை தரையைத் துடைக்கிறதாம், கொஞ்சம் அளவெடுத்துப் போக முடியுமா என்று. அக்கா அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போனாள். அளவெடுத்து முடிந்தது. தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனாள். அங்கே தங்கை தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள். பின்கதவுக்குப் பக்கத்தில், துணி காயப்போடும் கிளிப்புகளை நிரப்பி, ஒரு சின்னப் பை ஆணியில் தொங்கியது. பழுப்புக் கட்டம். அவரைக்காய் வடிவில் மைக்கறை.

அவளுடைய வீட்டுக்காரரின் சட்டைப் பை.

பொறாமைக்காரியின் மனம் எங்கே முதலில் ஓடுமோ அங்கேதான் ஓடியது. போன வாரம் அவர் இங்கே மின்விசிறியைச் சரிசெய்யப் போகிறேன் என்று போனார். ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தார். ஒன்றிரண்டு மூச்சு விடுவதற்குள் அவள் எதையெல்லாம் நினைத்தாள் என்பதை அவள் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. அதன்பின் கண் நாடாவில் விழுந்தது. அவளே கோத்த நாடா. அவளே வெட்டிய பை. அவளே எழுபத்தாறுக்கு அனுப்பியது.

"இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"எது?" தங்கை திரும்பினாள். கரண்டி பாத்திரத்துக்குள் நின்றது. "பார்சல்ல வந்துச்சு."

"எந்தப் பார்சல்ல?"

"உக்காருக்கா."

"நிக்கிறேன். எழுபத்தாறு நீதானா?"

"என்ன எழுபத்தாறு?"

"உன் நம்பர். எனக்கு வர்ற நம்பர்."

தங்கை அடுப்பை அணைத்தாள். "மொதத் தடவ உனக்காகத்தான் வாங்குனேன். உன் கடையில ஒண்ணுமே போகலன்னு மாமா சொல்லிக்கிட்டிருந்தாரு. கையில காசக் குடுத்தா நீ வாங்குவியா? என் மூஞ்சியில எறிவ. பத்து உறைய வாங்கிட்டு என்ன பண்றதுன்னு ஒரு பொத்தான வச்சு, லேபிள ஒட்டி, படம் புடிச்சுப் போட்டேன். ரெண்டு நாள்ல போயிருச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் வித்துச்சு, வாங்குனேன். நீ விலைய எறக்குன, நெறைய வாங்குனேன். நானா உன்ன எறக்கச் சொன்னேன்?"

"உன்னப் பாத்துத்தான் எறக்குனேன்."

"நா ஏத்துறதப் பாத்து நீ ஏன்க்கா எறக்குற?"

துணிக்கடையில் கவுன் சீட்டைப் புரட்டியதிலிருந்தே அக்கா இறக்கிக்கொண்டுதான் இருந்தாள்.

"அன்னிக்கு மூலையில ஏமாத்துறான்னு சொன்னேனே. அப்பச் சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லத்தான் வந்தேன். நீ உன்னையே திட்டிக்கிட்டு இருந்த. சிரிச்சுட்டேன்."

"கை நல்ல கைன்னு சொன்னியே?"

"அது பொய் இல்ல."

தேநீரைக் குடிக்காமல் அக்கா கிளம்பினாள். அளவு நாடாவை அங்கேயே விட்டுவிட்டாள்.

அன்று மதியம் அவள் தைக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, தங்கையின் கடையில் இருந்த இருநூற்றுப் பன்னிரண்டு கருத்துகளையும் முதலிலிருந்து படித்தாள். இவ்வளவு நாள் வயிறெரிந்து படித்தவை. 'தைத்தவர் கைக்கு என் வாழ்த்து' என்று வந்த இடத்தில் நின்றாள். வாழ்த்து அவளுக்குத்தான். ஆனால் வந்து சேர்ந்த முகவரி வேறு. அந்தத் தையல்காரி மேல் இருந்த பொறாமை போகும் என்று எதிர்பார்த்தாள். போகவில்லை. தன் கை தங்கை வீட்டில் மெச்சப்படுவதும் தன் வீட்டில் மைனஸ் ஒன்றுக்குப் போவதும் முன்னைவிட அதிகமாக எரிந்தது.

மகளைக் கூப்பிட்டாள். "விலைய மாத்து."

"எவ்வளவு?"

"சித்தி எவ்வளவு?"

"எண்ணூத்தித் தொண்ணூத்தொம்பது."

உதடு அசைந்தது. மகள் எண்ணூற்றுத் தொண்ணூற்றெட்டு என்று எழுதத் தொடங்கிவிட்டாள்.

"இல்ல. தொள்ளாயிரம் போடு."

"முழு நம்பரா போட்டா யாரும் வாங்க மாட்டாங்கம்மா. ஒம்பதுல முடியணும்."

"போடு."

வேறு படமும் எடுத்தார்கள். புத்தகம் கோப்பை எல்லாம் வேண்டாம் என்று, மூலையை மட்டும் அருகில் வைத்து எடுக்கச் சொன்னாள். மூன்று மடிப்பும் தெரிய வேண்டும். கால் விரல் தெரியவில்லை.

முதல் எட்டு நாள் ஒரு ஆர்டரும் இல்லை. எழுபத்தாறும் வரவில்லை. அக்கா தங்கையின் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'ஒன்பது மட்டுமே மீதம்' என்று காட்டியது. பிறகு நான்கு. ஒரு மத்தியானம் 'இருப்பு இல்லை' என்று சிவப்பில் வந்தது. அவளுக்கு அந்த ஆண்டில் அதைவிட இனிப்பான எதுவும் கிடைக்கவில்லை. தன் கடையிலும் ஒன்றும் விற்கவில்லை என்பதை அவள் அன்று மாலைவரை மறந்திருந்தாள்.

தங்கை வேறு இடத்தில் உறை வாங்கி விற்றுப் பார்த்தாள். ஒரே வாரத்தில் பதினான்கு திரும்பி வந்தன. 'முன்பு வாங்கியது போல் இல்லை. மூலை பிய்ந்துவிட்டது' என்று ஒருத்தி எழுதினாள். அதை அக்கா மகளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாள், இரண்டு முறை.

கெடுவுக்கு மூன்று நாள் இருக்கும்போது தங்கை வந்தாள். அளவு நாடாவைச் சுருட்டி மேசையில் வைத்தாள். அக்கா இயந்திரத்தை நிறுத்தவில்லை.

"நூறு உறை வேணும். தளம் வேணாம், நேரா குடு. கமிஷன், டெலிவரி எதுவும் உனக்கு இல்ல. முன்னூறு."

"நானூத்தி எண்பது."

"அக்கா, எனக்கு என்ன நிக்கும்?"

"உனக்கு நிக்கிறத நீ பாரு. லேபிளுக்குப் பின்னாடி, தச்சது எங்க அக்கான்னு போடணும்."

"போட்டா ஜனங்க உங்கிட்டயே வந்துருவாங்க."

"வரட்டும்."

"அது முடியாதுக்கா." தங்கை அதை நேராகச் சொன்னாள். ஏழு வயதில் கண்ணாடிப் பெட்டியைக் காட்டிய அதே முகம். "விலைய ஏத்திக்கறேன். பேரப் போட மாட்டேன்."

இயந்திரம் நின்றது. அப்போது கைபேசி அடித்தது. லைன் மேடம். திங்கட்கிழமை வருகிறாளா இல்லையா என்று தெரிய வேண்டுமாம். அக்கா கைபேசியைக் கையால் மூடிக்கொண்டு தங்கையைப் பார்த்தாள்.

"நானூத்தி எழுபத்தொம்பது" என்றாள் தங்கை. "ஒண்ணு கம்மி பண்ணிக்கயேன், உன் பேருக்காகவாவது."

"பண்ண மாட்டேன்."

தங்கை ஜன்னலைப் பார்த்தாள், இயந்திரத்தைப் பார்த்தாள், மணிக்கட்டில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தாள். "சரி" என்றாள். "நானூத்தி எண்பது."

அக்கா கையை எடுத்தாள். "வேற ஆளப் பாத்துக்குங்க, மேடம்." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "இல்ல, சம்பளம் காரணமில்ல" என்றாள். "அந்த அட்டைய மிச்ச இருபத்தொம்பது பேரே மாட்டிக்கட்டும்."

இது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அக்கா மாதம் எழுபது, எண்பது உறை தங்கைக்குத் தைக்கிறாள். ஒவ்வொன்றும் நானூற்று எண்பது. தன் சொந்தக் கடையில் தொள்ளாயிரம் போட்டிருக்கிறாள். வாரத்துக்கு இரண்டு, சில வாரம் மூன்று விற்கிறது. தங்கை எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பதை விடவில்லை. அவள் கடையில் வாரம் இருபதுக்குக் குறையாமல் போகிறது. லேபிளில் அக்காவின் பெயர் இல்லை. சட்டைப் பை தங்கை வீட்டுச் சமையலறையில் கிளிப்புகளோடு தொங்குகிறது. மகள் சொல்லியிருப்பதால், தங்கையின் கடையை அக்கா இப்போது ஒரு நாளைக்கு மூன்று தடவை மட்டும் பார்க்கிறாள்.